பன்னிரண்டு வரை எண்ணுங்கள்

கணக்கு டீச்சர் எழுதுகிறேன். போன தடவை லால்குடி பஸ் ஸ்டாண்டு பற்றி எழுதியதற்கு "டீச்சர், ரொம்ப நீளம்" என்று மூன்று பேர் சொல்லியிருந்தீர்கள். இது அதைவிட நீளம். பொறுமை இல்லாதவர்கள் கடைசி இரண்டு பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். பரீட்சைக்கும் அப்படித்தானே படித்தீர்கள்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன் என்று பலருக்கும் தெரியும். அவள் இருப்பது சார்லட் என்கிற ஊர். கார் பந்தயத்துக்குப் பேர்போன ஊராம். நாஸ்கார் என்கிறார்கள். பேரனுக்கு அதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டான். பார்வைக்கு நம் வீட்டுக் கார் மாதிரி இருக்கும் வண்டிகள், நாற்பது வண்டி, ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஸ்டாக் கார் என்று பெயர். எனக்கு முதல் நாள் தலை சுற்றியது. "ஏன்டா, செக்குமாடு மாதிரி இதையே சுத்திக்கிட்டு இருக்கானுங்க, இதுல என்னடா இருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மாச்சி, ரேஸைப் பார்க்காதீங்க. பிட் ரோடைப் பாருங்க" என்றான்.

பிட் ரோடு என்பது ஓட்டப்பாதையை ஒட்டி உள்பக்கமாகப் போகும் ஒரு சந்து. பெட்ரோல் போட, டயர் மாற்ற வண்டிகள் அங்கே வந்து நிற்கும். மதிலைத் தாண்டி ஐந்தாறு ஆட்கள் ஜாக்கியும் டயருமாகக் குதித்து ஓடி வருகிறார்கள். வெளியே மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வரைகூடப் போகிற வண்டி, அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் பூனை மாதிரி நடக்கிறது. எனக்கு ஆச்சரியம் அதுதான். வேகத்துக்காகவே பிறந்த விளையாட்டு. ஒரு நொடிக்காக உயிரைக் கொடுக்கிறவர்கள். யாரும் விசில் ஊதவில்லை, கம்பை நீட்டவில்லை, ரோட்டில் மேடு போடவில்லை. அத்தனை பேரும் மெதுவாகப் போகிறார்கள்.

"ஏன்டா மெதுவாப் போறாங்க?"

"அங்க ஆளுங்க நடக்கிறாங்க அம்மாச்சி."

பன்னிரண்டு வயசுப் பையன் சொன்ன இந்தப் பதில் எனக்கு இரண்டு மாதமாகக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த விதி எப்படி வந்தது என்று அவனே சொன்னான், நானும் பிறகு படித்துப் பார்த்தேன். 1990 நவம்பர் 18-ஆம் தேதி அட்லான்டாவில் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். அப்போதெல்லாம் பிட் ரோட்டில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக உள்ளே வந்து, கடைசி நேரத்தில் பிரேக் அடித்து நிற்பதுதான் சாமர்த்தியம். ரிக்கி ரட் என்பவரின் கார் உள்ளே வரும்போது பிரேக் பிடித்து இழுத்துச் சுழன்றது. அங்கே பில் எலியட் என்பவரின் காருக்கு மைக் ரிச் என்ற இளைஞர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு காருக்கும் நடுவில் சிக்கி இறந்துபோனார். அடுத்த வருஷமே விதி மாறியது. முதலில் இன்ன நேரத்தில் டயரே மாற்றக் கூடாது, ஒற்றைப்படை வண்டி தனி, இரட்டைப்படை வண்டி தனி என்று ஏதேதோ போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது எளிமையான ஒன்றுதான்: பிட் ரோட்டில் இவ்வளவு வேகம், அதற்கு மேல் இல்லை. சின்ன மைதானத்தில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். பெரிய மைதானத்தில் 55 மைல் வரை.

பார்முலா ஒன் பந்தயத்திலும் இதே கதைதான். 1994 மே 1, இத்தாலியில் இமோலா. அய்ர்டன் சென்னா இறந்துபோனாரே, அதே பந்தயம். சென்னாவைத்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே நாளில் மிக்கேலே அல்போரெத்தோ என்பவரின் கார் பிட்டிலிருந்து வெளியேறும்போது ஒரு சக்கரம் கழன்று ஓடி, நின்றுகொண்டிருந்த மெக்கானிக்குகள் சிலரைக் காயப்படுத்தியது. அடுத்த பந்தயம் மொனாக்கோவில். அங்கேயே வேகக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இடையில் இரண்டே வாரம். இப்போது அங்கே பொதுவாக 80 கிலோமீட்டர், இடம் குறுகலாக இருந்தால் 60.

இரண்டு வாரம் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லால்குடிக்கு வருகிறேன்.

1996-இல் நடந்தது. பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத மாட்டேன், அந்தப் பெண்ணின் பெயரையும் எழுத மாட்டேன். அவள் இதைப் படிப்பாள், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு. சாயங்காலம் மணி அடித்து, கேட்டுக்கு வெளியே எதிர்ப்பக்கம் மாங்காய்ப் பத்தை விற்கிற பாட்டியிடம் போனாள். ஒரு வேன் அடித்துவிட்டது. அன்று கேட் டியூட்டி எனக்கு. நான் உள்ளே நின்று இரண்டு பையன்கள் சண்டையை விலக்கிக்கொண்டிருந்தேன். சத்தம்தான் கேட்டது.

பிழைத்துக்கொண்டாள். மூன்று ஆபரேஷன். இன்றைக்கும் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். நல்ல வேலையில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அதெல்லாம் சரி.

விஷயம் என்னவென்றால், பிறகு விசாரணை நடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "ரொம்ப வேகமா வந்தான்" என்றார்கள். டிரைவர் "மெதுவாத்தான் வந்தேன், பாப்பா திடீர்னு ஓடிவந்துடுச்சு" என்றார். அவரும் வெளியூர்க்காரர் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர், அழுதுகொண்டுதான் சொன்னார். ஒருவரிடமும் ஒரு எண் இல்லை. முப்பதா, ஐம்பதா, எழுபதா, யாருக்கும் தெரியாது. "வேகமா", "மெதுவா" என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் அந்த வழக்கு பல வருஷம் கிடந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. காலேஜ் முடித்த பிறகு அவள் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தபோது கேட்டாள்: "டீச்சர், அந்த வண்டி எவ்ளோ ஸ்பீடுல வந்துச்சு?" முப்பது வருஷத்துக்கு மேல் வேகம் சமம் தூரம் வகுத்தல் நேரம் என்று கரும்பலகையில் எழுதியவள் நான். என்னிடம் பதில் இல்லை.

சார்லட்டில் உட்கார்ந்து பேரன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு இது ஞாபகம் வந்ததால்தான் தூக்கம் வரவில்லை. அங்கே எல்லாம் எண்தான்.

எப்படி அளக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. பிட் ரோட்டைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் தரைக்குள் ஒரு கம்பிக் கோடு புதைத்திருக்கிறார்கள். காரில் ஒரு கருவி. இந்தக் கோட்டைத் தாண்டிய நேரம், அடுத்த கோட்டைத் தாண்டிய நேரம், நடுவில் தூரம். வகுத்தால் சராசரி வேகம். ஆரம்பத்தில் ஆட்கள் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நின்றார்களாம். 2005-இலிருந்து எல்லாம் மின்னணு. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தக் கார்களில் ஸ்பீடோமீட்டரே கிடையாது. என்ஜின் சுற்றுகிற எண்ணிக்கையைக் காட்டும் மீட்டர் மட்டும்தான். இந்த கியரில் இத்தனை சுற்று என்றால் இவ்வளவு வேகம் என்று டிரைவர் மனக்கணக்குப் போட்டுவைத்துக்கொள்ள வேண்டும். பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வண்டி எல்லோரையும் அந்தப் பிட் ரோடு வேகத்திலேயே நடத்திக் கூட்டிப்போகிறது, பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்று. நம் ஊரில் லைசென்ஸ் கொடுக்கும்போது எட்டுப் போடச் சொல்கிறார்கள், முப்பது கிலோமீட்டர் என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது ஓட்டிக் காட்டச் சொல்கிறார்களா?

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒரு துண்டில் பாதி தூரம் சீறிவிட்டு மீதிப் பாதியில் மெதுவாகப் போய்ச் சராசரியைச் சரிக்கட்டினார்கள். (இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் தலைசீவி வந்த கடைசி பெஞ்ச் கோஷ்டி ஞாபகம் வருகிறது. உங்களைத்தான்.) பிறகு கோடுகளை நெருக்கிப் போட்டுவிட்டார்கள். ஏமாற்ற இடம் குறைந்தது.

2009-இல் இண்டியானாபோலிஸில் நடந்ததைப் பேரன் யூடியூபில் போட்டுக் காட்டினான். ஹுவான் பாப்லோ மோன்டோயா, கொலம்பியாக்காரர். 160 சுற்றுப் பந்தயத்தில் 116 சுற்று அவர்தான் முன்னால். ஜெயித்தாயிற்று என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், கடைசியாகப் பிட்டுக்கு வந்து போனார். அங்கே எல்லை 55 மைல். கூட ஐந்து மைல் மன்னிப்பு உண்டு, ஆக 60. கருவி காட்டியது ஒரு துண்டில் 60.06, இன்னொன்றில் 60.11. அவ்வளவுதான். 0.06 மைல் என்றால் மணிக்கு நூறு மீட்டர்கூட அதிகமில்லை. தண்டனை கொடுத்துவிட்டார்கள். மனுஷன் தான் வேகமாகவே போகவில்லை என்று ரேடியோவில் கத்துகிறார், சத்தியம் பண்ணுகிறார். யாரும் அசையவில்லை. பந்தயத்தின் நடுவிலேயே இன்னொரு தடவை பிட் ரோடு வழியாக ஊர்ந்து போய் வர வேண்டும். முதலில் இருந்தவர் பதினொன்றாவதாக முடித்தார்.

பேரன் "பாவம்ல அம்மாச்சி?" என்றான். "பாவம்தான்" என்றேன். மனசுக்குள் எனக்குப் பாவமாக இல்லை. ஊரில் பெரிய ஆள், லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், நூறு மீட்டர்கூட அதிகமில்லை, சரி போகட்டும் விடு என்று ஒருத்தர் சொல்லவில்லையே. நம் ரோட்டில் "சார் யார் தெரியுமா" என்ற ஒரு வாக்கியம் எத்தனை வண்டியைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துப் பார்த்தேன்.

இது வெள்ளைக்காரன் ஊர், நமக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒன்று. நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாகப் பார்முலா ஒன் ஓட்டியவர், 2010-இல் இந்த நாஸ்காரின் டிரக் பந்தயத்திலும் ஓட்டினார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில். பதின்மூன்றாவதாக வந்தார். ஒரு சுற்று அரை மைல்தான் இருக்கும், சின்ன மைதானம், பிட் ரோடும் இடுக்கு. உலகத்திலேயே வேகமான காரை ஓட்டிவிட்டு வந்த தமிழன், ஆட்கள் நடக்கிற இடத்தில் எல்லோரையும் போல ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து நம் ஆட்கள் ஓட்டுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுகிறார்கள். 2024-இல் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் நடுரோட்டிலேயே ஓட்டினார்கள். அங்கெல்லாம் விதி இருக்கிறது, கீழ்ப்படிகிறார்கள். அதே ரத்தம்தானே. பந்தயம் முடிந்து வெளியே ரோட்டுக்கு வந்தால் மட்டும் என்ன ஆகிறது?

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கு.

பிள்ளை குறுக்கே வருவதைப் பார்த்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். போன் கையில் இருந்தால் கூட ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 8.3 மீட்டர் போகும். பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக்கில் இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13.3 மீட்டரில் நின்றுவிடும். இப்போது 50 கிலோமீட்டர். அந்த ஒரு நொடியில் மட்டும் 13.9 மீட்டர் போய்விடும். அதாவது முப்பதில் வந்தவன் நின்றே விட்ட இடத்தில், ஐம்பதில் வந்தவன் இன்னும் பிரேக்கையே தொடவில்லை. முழு ஐம்பதோடு போய் மோதுவான். "ஐம்பது ஒரு ஸ்பீடா டீச்சர்?" என்பவர்கள் இதை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மோதுகிற சக்தி வேகத்தின் வர்க்கத்தில் போகிறது என்று பக்கத்து வகுப்பில் இயற்பியல் சார் சொல்லிக்கொடுத்தார், முப்பது அறுபதானால் அடி நாலு மடங்கு. 2020-இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடிப் பேசியபோது, நடக்கிறவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30 என்று சொன்னது சும்மா வாய்க்கு வந்த எண் இல்லை.

நம் சட்டத்தில் ஒன்றுமில்லை என்றும் நினைக்காதீர்கள். 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளிலேயே, ஊர்வலத்தைக் கடக்கும்போதும் ரோடு வேலை செய்கிறவர்களைக் கடக்கும்போதும் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் அது ஊர்வலம் இல்லாமல் வேறென்ன? அதிவேகத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, லாரி பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 வரை அபராதம். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. கோடும் கடிகாரமும்தான் இல்லை.

நம் ஊரில் என்ன இருக்கிறது? "பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு போர்டு. அதை மறைத்துக்கொண்டு ஒரு காதணி விழா பேனர். நகைக்கடை விளம்பரத்தோடு இரண்டு இரும்புத் தடுப்பு. வேகத்தடை ஒன்று இருந்தது, புது ரோடு போட்டபோது காணாமல் போனது. "மெதுவாக" என்றால் எவ்வளவு? மறுபடியும் அந்த 1996 பிரச்சினைதான். அவரவர் மனசுக்கு அவரவர் மெதுவாகத்தான் போகிறார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் இருக்கிற அந்த ரோட்டில் டேப் பிடித்து நூறு மீட்டர் அளந்தோம். இந்த முனைக்கு ஒரு மின்கம்பம், அந்த முனைக்கு டீக்கடைத் தூண். கையில் போன், அதில் ஸ்டாப்வாட்ச். நூறு மீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு நொடி ஆனால் 30 கிலோமீட்டர். ஆறு நொடி என்றால் 60. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

காலை எட்டரை மணிக்குப் பன்னிரண்டு வரை எண்ணவே விடவில்லை. ஏழு, ஆறரை, எட்டு. ஒரு மஞ்சள் பள்ளி வேன், உள்ளே பிள்ளைகளோடு, ஏழு நொடி. அதாவது 51. சத்திரம் போகிற தனியார் பஸ் ஒன்று ஆறு. பைக்குகளைச் சொல்லவே வேண்டாம். ஒரு வெள்ளைக் காரும் ஆறு. அதை ஓட்டியது யார் என்று பார்த்தால் என் தம்பி மகன். கையை ஆட்டிவிட்டுப் போகிறான்! "அத்தை, ரோட்டோரமா ஏன் நிக்கிறீங்க" என்று சாயங்காலம் போன் வேறு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், உனக்கும் சேர்த்துத்தான்.

என்னையும் விட்டுவிடக் கூடாது. அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட மணி ஆகிவிட்டது என்று, இதே ரோட்டில் டிவிஎஸ் 50-ஐ முழுசாகத் திருகிக்கொண்டு எத்தனை வருஷம் போயிருக்கிறேன். அதற்கு மேல் அந்த வண்டி போகாது என்பதால்தான் நான் நல்லவள்.

அந்தத் தனியார் பஸ் டிரைவர் என் மாணவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 38 வாங்கிப் பாஸானவன், இப்போது இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "டீச்சர், எனக்கு முன்னாடி வண்டிக்கும் எனக்கும் நாலு நிமிஷம்தான். சத்திரத்துல லேட்டா உள்ள போனா பின்னாடிக்காரன் சண்டைக்கு வருவான், கலெக்‌ஷன் போச்சுன்னா ஓனர் கேப்பாரு. அபராதம் போட்டாலும் ஓனர்தான் கட்டுவாரு டீச்சர். எனக்கு டயம்தான் பிரச்சினை."

அவன் கையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் பின்னாலும் சேர்த்து 300 மீட்டர். அறுபதில் போனால் 18 நொடி. முப்பதில் போனால் 36. நஷ்டம் பதினெட்டு நொடி. டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிற நேரம். அவன் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா டீச்சர்?" என்றான்.

அவன் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் என் யோசனை பிறந்தது. டயம்தான் பிரச்சினை என்றால், தண்டனையும் டயமாகத்தான் இருக்க வேண்டும். நாஸ்காரில் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. மோன்டோயாவிடம் பத்தாயிரம் டாலர் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு ஜெயித்திருப்பார். அவரிடமிருந்து எடுத்தது நேரத்தை. எதைச் சம்பாதிக்க வேகமாகப் போனாரோ அதையே. அதுவும் அடுத்த மாதம் கோர்ட்டில் இல்லை, அந்தப் பந்தயத்திலேயே.

ஆகையால் நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு இருபுறமும் ரோட்டில் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடு, இரண்டு கேமரா. ஒரு இடத்தில் வேகத்தைப் பிடிக்கிற கேமரா வேண்டாம், அதன் முன்னால் மட்டும் பிரேக் அடித்துவிட்டுப் போவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆன நேரத்தை அளக்கிற கேமரா. மும்பை – புனே விரைவுச் சாலையில் இப்படிச் சராசரி வேகத்தை அளக்கிறார்கள், நம்மால் முடியாத வித்தை இல்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் 30. பஸ் அதை மீறினால் சத்திரத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்திவையுங்கள், பின்னால் வந்த வண்டி முன்னால் போகட்டும். கார், பைக் என்றால் அடுத்த ஓரங்கட்டும் இடத்தில் பத்து நிமிஷம் ஓரமாக நிற்கட்டும். அரசாங்க வண்டிக்கும், கொடி கட்டிய வண்டிக்கும், என் தம்பி மகனுக்கும் அதே பத்து நிமிஷம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு தவிர யாருக்கும் சலுகை இல்லை.

என் மாணவன் போலீஸில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னேன். "சட்டத்துல அப்படி நிறுத்திவைக்க இடம் இல்ல டீச்சர், ஆளும் பத்தாது" என்றான். நியாயம்தான். பஸ்ஸுக்காவது நேரம் குறித்துக் கொடுப்பதும் பெர்மிட் கொடுப்பதும் அரசாங்கம்தானே, அந்த நிபந்தனையில் சேர்க்கலாமே என்றேன். "அது மேல சொல்லணும்" என்றான். மேலே சொல்லத்தான் போகிறேன்.

பிள்ளைகள் ஒழுங்காகப் பார்த்துக் கடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாமா என்று ஒரு உறவினர் கேட்டார். கற்றுக்கொடுத்தேன், முப்பத்து மூன்று வருஷம். வலது, இடது, மறுபடி வலது. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை மாங்காய்ப் பத்தையைக் கண்டால் ஓடத்தான் செய்யும். பிட் ரோட்டில் டயர் மாற்றுகிறவன் பயிற்சி பெற்ற வளர்ந்த ஆள், ஹெல்மெட் போட்டிருக்கிறான், சம்பளம் வாங்குகிறான். அவனைப் பார்த்து "நீ ஜாக்கிரதையா இரு" என்று சொல்லிவிட்டு அவர்கள் காரை விட்டுவிடவில்லை. காரைத்தான் கட்டினார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதிவிட்டேன். "வேகமா வர்றாங்க" என்று எழுதினால் குப்பைக்குப் போகும் என்பதால் எண் வேண்டும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, மாலை நாலிலிருந்து ஐந்து வரை அதே டீக்கடையில் உட்கார்ந்து அளக்கப்போகிறோம். நான்கு பேர் இருந்தால் போதும். ஒருவர் கம்பத்தில் கை காட்ட, ஒருவர் தூணில், ஒருவர் ஸ்டாப்வாட்ச், ஒருவர் நோட்டில் எழுத. வண்டி நம்பர் எழுத மாட்டோம், வகையும் நொடியும் மட்டும். அந்தப் பெண் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஸ்டாப்வாட்ச் தானே பிடிக்கிறேன் என்றாள்.

உள்ளூரில் இருக்கிறவர்கள் யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பஸ் ஓட்டுகிற தம்பி, உனக்கு வியாழக்கிழமை ஓய்வு என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் "சூப்பர் டீச்சர்" என்று எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து வாசலில் எவ்வளவு வேகம், மீறினால் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மனுவோடு சேர்க்கிறேன். டீ என் செலவு, பஜ்ஜி அவரவர் செலவு.